12-ஐவிட 10 தடிமன்! ஆணி அளவுப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கதை

கள்ளக்குறிச்சியில் ஒரு ஹார்டுவேர் கடை. "ரெண்டரை இன்ச் ஆணி, ரெண்டு கிலோ கொடுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் பில் புக்கிலிருந்து நிமிராமலேயே திருப்பிக் கேட்டார்: "எத்தனை கேஜ்? எட்டா, பத்தா, பன்னெண்டா?"

எனக்குத் தெரியவில்லை. கல்வராயன் மலையில் கரியாலூரில் இருக்கும் கல்லூரி நண்பனின் வீட்டில் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் லீவுக்கு அங்கே போகிறேன் என்றதும், வரும் வழியில் வாங்கி வரச் சொல்லி ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தான். அதில் ‘2½ இன்ச் ஆணி’ என்று மட்டும்தான் இருந்தது. போன் போட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. சரி, கூரைக்குத்தானே, நல்லா ஸ்ட்ராங்கா இருக்கட்டும் என்று மூன்றில் பெரிய நம்பரைச் சொன்னேன். "பன்னெண்டு கொடுங்க."

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ஏறி வீடு போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. முதல் ஆணியை ரீப்பரில் வைத்து அடித்தார் நண்பனின் அப்பா. வளைந்தது. இரண்டாவது, மூன்றாவது... எல்லாம் அதே கதி. வளைந்த ஆணி ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "தம்பி, நம்பர் ஏற ஏற ஆணி எளைச்சிடும். பத்துல்ல வாங்கணும்?"

அன்று ராத்திரி மழை. பாதிக் கூரைக்குப் படுதா கட்டி, ஆடுகளை வீட்டுத் திண்ணையில் ஏற்றினோம். மறுநாள் காலை ஆணியை மாற்றுவதற்காகவே நான் மறுபடி மலை இறங்கினேன். ஒரே ஒரு நம்பரில் வந்த குழப்பத்தால் ஒரு நாள் வேலை போச்சு.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கேள்வி வந்தது. பெரிய நம்பர் என்றால் ஏன் சின்ன ஆணி? இந்த நம்பரை யார் வைத்தது? யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் மர வேலை வீடியோக்களில் ‘எய்ட் பென்னி நெயில்’ என்கிறார்களே, அது என்ன கணக்கு? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேஜ் என்றால் என்ன?

நம்ம ஊர்க் கடைகளில் ஆணி வாங்க மூன்று தகவல் வேண்டும். நீளம் இன்ச் கணக்கு. தடிமன் கேஜ் கணக்கு. எவ்வளவு வேண்டும் என்பது கிலோ கணக்கு. முதலும் மூன்றாவதும் எல்லோருக்கும் புரியும். சிக்கல் நடுவில் இருப்பதில்தான்.

கேஜ் என்பது ஆணி செய்யப் பயன்படும் கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். நம் நாட்டில் புழங்குவது பிரிட்டிஷ் ‘ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்’, சுருக்கமாக எஸ்டபிள்யூஜி. அதன்படி:

8 கேஜ் – 4.06 மில்லிமீட்டர்
10 கேஜ் – 3.25 மில்லிமீட்டர்
12 கேஜ் – 2.64 மில்லிமீட்டர்
14 கேஜ் – 2.03 மில்லிமீட்டர்
16 கேஜ் – 1.63 மில்லிமீட்டர்

நம்பர் கூடக் கூட ஆணி மெலிகிறது. நான் வாங்க வேண்டியது 3.25 மில்லிமீட்டர், வாங்கியது 2.64. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால், தலையில் அடி விழும்போது ஒரு கம்பி வளையாமல் நிற்கும் திறன், அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அதே நீளமுள்ள 12 கேஜ் ஆணியைவிட 10 கேஜ் ஆணி சுமார் 2.3 மடங்கு உறுதி. கூரையில் அன்றைக்கு நடந்தது இதுதான்.

நம்பர் ஏறினால் ஏன் மெலியணும்?

இதற்கு ஆணி பிறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இன்று நாம் வாங்குகிற சாதாரண ஆணி, கம்பியை வெட்டி ஒரு முனையை நசுக்கித் தலையாக்கி, மறுமுனையைக் கூராக்கிச் செய்வது. அந்தக் கம்பி எப்படி வருகிறது? தடித்த இரும்புக் கம்பியை அதைவிடச் சற்றே சிறிய துளைக்குள் விட்டு மறுபக்கம் இழுப்பார்கள். கம்பி நீளும், மெலியும். பிறகு இன்னும் சிறிய துளை. பிறகு இன்னும் சிறியது. நகைப் பட்டறையில் வரிசையாகத் துளைகள் போட்ட இரும்புத் தகட்டில் தங்கக் கம்பியை இழுப்பதைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துவிடும்.

பழைய கம்பிப் பட்டறைகளில் இந்தத் துளைகளின் வரிசைதான் கேஜ் எண்ணின் வேர். பத்தாவது துளையைத் தாண்டி வந்தது 10. பன்னிரண்டாவது வரை போனது 12. அதிகத் துளைகளைத் தாண்டினால் அதிகம் மெலிவு. ஆக, கேஜ் என்பது முதலில் ஆணியின் அளவே இல்லை. கம்பி பட்ட பாட்டின் எண்ணிக்கை!

இதில் ஒரு தலைவலியும் இருந்தது. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை துளை வரிசை மாறியது. ஒரு ஊரின் 10, இன்னொரு ஊரின் 10 ஆக இருக்காது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஓயாத சண்டை. கடைசியில் 1883-ல் அரசு ஆணை போட்டு ஒரே வரிசையை நிர்ணயித்தார்கள். 1884 மார்ச் 1 முதல் அது சட்டப்படியான அளவானது. அதுதான் எஸ்டபிள்யூஜி. பிரிட்டிஷ் காலத்தில் இங்கே வந்து, இன்றுவரை கள்ளக்குறிச்சிக் கடையிலும் பேசப்படுகிறது.

இந்தத் தலைகீழ்க் கணக்கு ஆணியோடு நிற்கவில்லை. ஊசி போடும்போது 18 கேஜ் ஊசி தடிமன், 26 கேஜ் மெல்லிசு. மோட்டார் காயில் கட்டுபவர்களிடம் செம்புக் கம்பி கேஜ் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் இதே கதை. திருப்பூர், ஈரோடு பக்கம் உள்ளவர்களுக்கு நூலில் இது அத்துப்படி. 20-ஆம் கவுண்ட் நூலைவிட 40-ஆம் கவுண்ட் நூல் மெலிசு. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதுதான் பருத்தி நூல் கவுண்ட்டின் கணக்கு. நூல் மெலிய மெலிய ஒரே எடைக்கு அதிக சிட்டம் கிடைக்கும், நம்பர் ஏறும். காரணம் வேறு, தலைகீழ் மட்டும் ஒன்று.

அமெரிக்க வீடியோவில் வரும் ‘8டி’ என்ன?

அமெரிக்காவில் ஆணி அட்டைப்பெட்டி மேல் 6டி, 8டி, 16டி என்று போட்டிருக்கும். ‘டி’ என்று எழுதினாலும் வாயில் சொல்வது ‘பென்னி’. இது நீளத்தைக் குறிப்பது. 2 பென்னி ஆணி என்றால் 1 இன்ச். அதிலிருந்து ஒவ்வொரு பென்னிக்கும் கால் இன்ச் கூடும். 4 பென்னி ஒன்றரை இன்ச், 6 பென்னி 2 இன்ச், 8 பென்னி இரண்டரை இன்ச், 10 பென்னி 3 இன்ச். அதற்கு மேல் கணக்கு மாறிவிடும். 16 பென்னி மூன்றரை இன்ச், 20 பென்னி 4 இன்ச், 60 பென்னி 6 இன்ச்.

10 பென்னி வரைக்கும் ஒரு ஷார்ட்கட்: எண்ணை 4-ஆல் வகுத்து அரை கூட்டினால் இன்ச் வந்துவிடும். 8-ஐ 4-ஆல் வகுத்தால் 2. அரை சேர்த்தால் இரண்டரை. ஆமாம், நான் ஆட்டுக் கொட்டகைக்கு வாங்கப் போன அதே ஆணி! அங்கே ‘8டி காமன்’ எனப்படும் ஆணியின் தடிமன் 0.131 இன்ச், அதாவது சுமார் 3.3 மில்லிமீட்டர். நண்பனின் அப்பா கேட்ட 10 கேஜுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

சரி, காசுப் பெயர் எப்படி நீளமானது? 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆணிகள் நூற்றுக்கணக்கில் விற்கப்பட்டன. நூறு ஆணி 4 பென்னிக்கு விற்றால் அது ‘நாலு பென்னி ஆணி’. பெரிய ஆணிக்கு இரும்பும் அதிகம், உழைப்பும் அதிகம். எனவே நூறு ஆணிக்கு 10 பென்னி என்றால் அது ‘பத்து பென்னி ஆணி’. விலைதான் பெயர். ‘பவுண்டு’ என்ற எடைப் பெயர் மருவி ‘பென்னி’ ஆனது என்றும் ஒரு கதை உலவுகிறது. ஆனால், பழைய கணக்குப் புத்தகங்கள் விலைக் கதைக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

அந்த ‘டி’ எங்கிருந்து வந்தது? பென்னிக்கு அந்த எழுத்து ஆங்கிலத்தில் வராது. அது ‘டெனாரியஸ்’ என்ற ரோமானிய வெள்ளிக் காசின் முதலெழுத்து. பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15-ல் புதிய நாணய முறை வரும்வரை பென்னிக்கு இந்த எழுத்தைத்தான் போட்டார்கள். டெனாரியஸ் நமக்கும் அந்நியம் இல்லை. கரூரிலும் கோவை வட்டாரத்திலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரோமானியக் காசுகளில் அதுவும் உண்டு. மிளகும் முத்தும் வாங்க வந்த காசின் முதலெழுத்து, இன்று அமெரிக்க ஆணிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

விலை மாறியும் பெயர் ஏன் மாறலை?

பெயர் வைத்த சில பத்தாண்டுகளிலேயே இங்கிலாந்தில் ஆணி விலை இறங்கத் தொடங்கிவிட்டது. ‘அஞ்சு பென்னி ஆணி’ நூறு, 4 பென்னிக்கே கிடைத்தது. ஆனாலும் தச்சர்கள் பெயரை மாற்றவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே நீளம்தான் கண்ணில் தோன்றியது. காசு மறைந்து அளவு மட்டும் நின்றது.

நமக்கு இது புதுசா? இந்தியாவில் அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகும் 25 காசை நாலணா என்றும் 50 காசை எட்டணா என்றும்தானே பல காலம் சொன்னோம்? இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் பெட்டிக்கடை ‘அஞ்சு ரூபா பிஸ்கட்’. அங்கேயும் விலைதான் பெயர். ஆனால் நடப்பது ஆணிக்கு நேர் எதிர். ஆணியில் விலை மாறியது, அளவு நின்றது. பிஸ்கட்டில் விலை நிற்கிறது, பாக்கெட்டுக்குள் கிராம் குறைகிறது. எது நமக்கு லாபம் என்று சொல்லவே வேண்டாம்.

ஓர் ஆணிக்கு இவ்வளவு மதிப்பா?

கிலோ கணக்கில் அள்ளிப் போடுகிற ஆணியை நூறு நூறாக எண்ணி ஏன் விற்றார்கள்? அன்று ஒவ்வோர் ஆணியும் கையால் அடித்தது. கொல்லர் இரும்பைக் காய்ச்சி, கூராக்கி, வெட்டி, தலையைத் தட்டி எடுக்க வேண்டும். அதனால் ஆணி என்பது சொத்து.

அமெரிக்காவில் வர்ஜீனியா குடியேற்றத்தில், வேறு இடத்துக்குக் கிளம்பியவர்கள் பழைய வீட்டைக் கொளுத்திச் சாம்பலிலிருந்து ஆணிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்க 1640-களில் சட்டமே போட்டார்கள். ‘வீட்டைக் கொளுத்தாதே, அதில் எத்தனை ஆணி இருக்கும் என மதிப்பிட்டு அத்தனையும் தருகிறோம்’ என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

அந்த மதிப்புக்குப் பின்னால் இருந்த கைகள் யாருடையவை என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன், 1794-ல் தன் மான்டிசெல்லோ பண்ணையில் ஆணிப் பட்டறை தொடங்கினார். அங்கே ஆணி அடித்தவர்கள் அவர் அடிமைகளாக வைத்திருந்த சிறுவர்கள். வயது 10 முதல் 16. ஒரு நாளைக்கு 8,000 முதல் 10,000 ஆணிகள் வரை அந்தப் பட்டறையிலிருந்து வந்தன. பென்னிக் கணக்கில் பெயர் சொன்ன ஆணிகளை அடித்த அந்தப் பிள்ளைகளுக்குக் கூலி கிடையாது.

அதே காலகட்டத்தில்தான் ஆணி வெட்டும் இயந்திரங்கள் வரத் தொடங்கின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பி ஆணி சந்தையைப் பிடித்தது. ஆணி எண்ணுகிற பொருளாக இருந்தது போய், நிறுக்கிற பொருளானது.

நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?

2019 மே மாதம் நினைவிருக்கிறதா? கட்டுமானப் பொறியியல் சார்ந்த ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. நம்ம ஆட்கள் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துக் கான்ட்ராக்டர் நேசமணியை இழுத்துவந்து உலக அளவில் ட்ரெண்ட் செய்தார்கள். அந்தக் கேள்வியை ஆணிக்குக் கேட்டால்?

ஆங்கிலேயர் விலையைப் பெயராக வைத்தார்கள், கம்பிப் பட்டறைக்காரர்கள் துளையைப் பெயராக வைத்தார்கள். தமிழ் பெரும்பாலும் வேலையைப் பெயராக வைத்தது. வண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் பிடிப்பது அச்சாணி, கடையாணி. ஓலையில் எழுதுவது எழுத்தாணி. மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பது லாட ஆணி. திருகி இறக்குவது திருகாணி. அச்சாணியின் முக்கியத்துவத்தை வள்ளுவரே 667-ஆம் குறளில் உவமையாக வைத்திருக்கிறார். மரத்தை ஆழமாகப் பிடித்து நிறுத்தும் வேருக்கு ஆணிவேர், பாதத்தில் வந்து உயிரை எடுப்பதற்குக் கால் ஆணி. உறுதியாகப் பேசினால் ஆணித்தரம்.

இதில் இன்னொரு பொருள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தங்கத்தின் மாற்றை உரைகல்லில் சோதிக்கும்போது, தரம் தெரிந்த ஒரு தங்க ஊசியையும் பக்கத்தில் உரசி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதன் பெயர் உரையாணி. மாற்றுக் குறையாத உயர்ந்த பொன் ஆணிப்பொன். சிறந்த முத்து ஆணிமுத்து. அதாவது தமிழில் ஆணி என்ற சொல்லுக்கே ‘அளவுகோல்’ என்ற பொருளும் உண்டு. மற்றவர்கள் ஆணியை எதைக் கொண்டு அளப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, இங்கே ஆணியை வைத்துத் தங்கத்தையே அளந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் துணி அளக்க ‘நெயில்’ என்றோர் அளவு இருந்தது. ஒரு கெஜத்தில் 16-ல் ஒரு பங்கு, இரண்டேகால் இன்ச்.

அப்போ கடையில் எப்படிக் கேட்பது?

எடைகள், அளவைகளை மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் இந்தியாவில் 1956-லேயே வந்துவிட்டது. கம்பி ஆணிக்கான இந்தியத் தர நிர்ணயம் ‘ஐஎஸ் 723’ மில்லிமீட்டரில்தான் பேசுகிறது. ஆனால் கவுன்ட்டரில் இன்ச்சும் கேஜும்தான் ராஜா. எனவே இதை மனதில் வையுங்கள்:

• நீளம் மட்டும் சொல்லாதீர்கள். ‘ரெண்டரை இன்ச், பத்து கேஜ்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

• கேஜில் சின்ன நம்பர்தான் தடிமன். குழப்பமாக இருந்தால் மில்லிமீட்டரில் கேளுங்கள், அல்லது பழைய ஆணி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

• தடிமன்தான் நல்லது என்று எல்லாவற்றுக்கும் 8 கேஜ் வாங்காதீர்கள். மெல்லிய சட்டத்தின் ஓரத்தில் தடித்த ஆணி அடித்தால் மரம் பிளந்துவிடும்.

• கிலோவுக்கு எத்தனை வரும் என்று கணக்குப் போடுங்கள். எஃகின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால், இரண்டரை இன்ச் ஆணி கிலோவுக்கு 8 கேஜில் சுமார் 155, 10 கேஜில் சுமார் 240, 12 கேஜில் சுமார் 365 வரும்.

• அமெரிக்க வீடியோ பார்த்துப் பொருள் வாங்கினால் பென்னியை இன்ச்சாக மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே எஃகுக் கம்பிக்கான கேஜ் வரிசையும் வேறு. நம்பரை அப்படியே கடையில் ஒப்பிக்காதீர்கள்.

• சிமென்ட் சுவருக்குச் சாதாரண ஆணி வேலைக்கு ஆகாது. ‘கான்கிரீட் ஆணி’ என்று கேளுங்கள். அது கடினப்படுத்திய எஃகு.

திரும்பவும் கரியாலூர்

மறுநாள் மதியம் 10 கேஜ் ஆணியோடு மலை ஏறினேன். நண்பனின் அப்பா ஒரு ஆணியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். நம்பர் கேட்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. "ம்ம்... இதான்" என்றார். மூன்றே அடியில் இறங்கியது ஆணி.

15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தச்சருக்குப் பென்னி என்றதும் கண்ணில் தெரிந்த அதே அளவு, அவருக்கு விரலில் தெரிகிறது. நமக்கு அந்த விரல் இல்லை. நம்பர்தான் இருக்கிறது. அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை நம்பி ஒரு கூரை போட முடியும்.

வளைந்த ஆணிகளை நான் குப்பையில் போடப் போனேன். அவர் தடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னார். "நிமுத்திக்கலாம் தம்பி. படலுக்கு ஆகும்."

ஆடுகள் அன்று இரவு கொட்டகைக்குத் திரும்பின.